இரண்டாண்டுப் பட்டம்: பல்கலைக்கழகத்துக்கா, வேலைக்கா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலம் இர்விங்கில் வசிக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா. மனைவிக்கும் மகளுக்கும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. என் நிறுவனம் தாக்கல் செய்த ஐ-140 மனு ஒப்புதலாகி, நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறோம். மகள் இந்த மே மாதம் ஹைஸ்கூல் முடித்தாள். அக்டோபரில் 18 வயது நிறைகிறது. செலவை எண்ணி முதலில் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டோம். அங்கே ஈராண்டுப் பட்டத்துக்கான இரண்டு திட்டங்களைக் காட்டினார்கள். ஒன்று ‘அசோசியேட் ஆஃப் சயின்ஸ்’; மற்றது ரேடியோகிராபியில் ‘அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்’. எக்ஸ்ரே, ஸ்கேன் துறையில் ஆர்வம் உள்ள மகள் இரண்டாவதையே கேட்கிறாள். என் மைத்துனரோ, “நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேராக இரண்டாமாண்டு பி.இ. சேர்வதைப் போல, இதை முடித்து வேலை பார்த்துக்கொண்டே பின்னால் யூனிவர்சிட்டியில் மூன்றாமாண்டில் சேர்ந்துகொள்ளலாம்” என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு தந்தை, இர்விங்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் குடும்பத்தின் இன்றைய விசா நிலையில், மகளை அசோசியேட் ஆஃப் சயின்ஸ் திட்டத்தில் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் முதல் ஆண்டின் பாடங்களைச் சற்றுக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், ரேடியோகிராபியின் கதவையும் மூடாமல் வைத்திருக்கலாம். நீங்கள் கிரீன் கார்டு பெற்றவராக இருந்திருந்தால் இதே கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த எச்-4 என்ற செய்திதான் இங்கே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் மைத்துனர் சொன்னதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமாவுக்கும் பொறியியல் பட்டத்துக்கும் இடையே அரசே அமைத்த வழி ஒன்று உண்டு; டிப்ளமா முடித்தவருக்கு இரண்டாமாண்டில் நேரடிச் சேர்க்கை என்பது விதியாகவே இருக்கிறது. டெக்சாஸில் அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ் பட்டத்துக்கு அப்படிப்பட்ட பொதுவான உரிமை கிடையாது. இந்தப் பட்டம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஆளைத் தயார் செய்வதற்காக வகுக்கப்பட்டது. இதன் தொழிற்பாடங்களை ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் விடலாம். ஏற்றாலும், மகள் சேரவிருக்கும் பட்டத்தின் தேவைகளில் அவை கழிக்கப்படாமல், வெறும் விருப்பப்பாடங்களாகக் கணக்கில் ஏறி நிற்கலாம். ‘கிரெடிட் மாற்றப்படும்’ (கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) என்று ஓர் அலுவலர் சொல்லும்போது, அந்தக் கிரெடிட்டால் பட்டத்துக்கான பாடங்களில் ஒன்றாவது குறையுமா என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெற்றோர் பலர் இதைக் கேட்கத் தவறிவிடுகிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கல்லூரி கொடுத்த இரண்டு டிகிரி பிளான்களையும் (பட்டத்துக்கான பாடப் பட்டியல்களை) எதிரெதிரே வைத்துக்கொண்டு, பாடக் குறியீடுகளை மட்டும் வாசியுங்கள். டெக்சாஸின் பொதுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்குப் பொதுவான எண்முறை இருக்கிறது. நான்கு இலக்கங்களில் முதலாவது, பாடம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் இரண்டாவது, அதன் கிரெடிட் எத்தனை என்பதையும் காட்டும். இங்கிலீஷ் 1301 என்றால் முதலாண்டுப் பாடம், மூன்று கிரெடிட். கெமிஸ்ட்ரி 1411 என்றால் முதலாண்டுப் பாடம், ஆய்வகத்தோடு நான்கு கிரெடிட். கவர்ன்மென்ட் 2305, ஹிஸ்டரி 1301, சைக்காலஜி 2301, மேத் 1314 போன்றவை மாநிலத்தின் கல்விப் பாடக் கையேட்டைச் சேர்ந்தவை. ரேடியோகிராபித் திட்டத்தில் ‘ஆர்.ஏ.டி.ஆர்.’ என்று தொடங்கும் வரிகளோ தொழிற்கல்விக்கென்று தனியாக உள்ள இன்னொரு கையேட்டைச் சேர்ந்தவை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி நான்கு இலக்க எண்கள்தான்; பல்கலைக்கழகத்தின் வாசலில் மட்டும் அவை வேறு வேறாக நடத்தப்படும்.

அசோசியேட் ஆஃப் சயின்ஸ் பட்டம் பெரும்பாலும் 60 கிரெடிட் கொண்டது. அதில் 42 கிரெடிட் மாநிலத்தின் பொது அடிப்படைப் பாடத்திட்டம். அந்த 42-ஐயும் முழுமையாக முடித்த மாணவருக்கு, டெக்சாஸின் எந்தப் பொதுப் பல்கலைக்கழகமும் அதை ஒரே தொகுதியாக ஏற்றுக்கொண்டு, தன் அடிப்படைப் பாடங்களுக்கு ஈடாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். ரேடியோகிராபித் திட்டத்திலோ பொதுக்கல்விப் பாடங்கள் 15 கிரெடிட் அளவிலேயே இருக்கும். அத்துடன் உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களான பயாலஜி 2401, 2402 ஆகியவற்றின் எட்டுக் கிரெடிட்டைச் சேர்த்தாலும் இருபதைச் சற்றே தாண்டும். எஞ்சியவை அனைத்தும் தொழிற்பாடங்களும் மருத்துவமனைப் பயிற்சியும்தான். ஆகவே மைத்துனர் சொல்வது போல ‘மூன்றாமாண்டில்’ சேர நினைத்துப் போகிறவர், பெரும்பாலான துறைகளில் முதலாமாண்டு முடித்தவராகவே கணக்கிடப்படுவார்.

இதற்கு விலக்குகள் உண்டு. தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கென்றே ‘பேச்சலர் ஆஃப் அப்ளைடு ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்’ என்ற நாலாண்டுப் பட்டத்தை டென்டனில் உள்ள நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை வழங்குகின்றன. அங்கே தொழிற்பாடக் கிரெடிட்டுகளுக்கு இடம் உண்டு. விச்சிட்டா ஃபால்சில் உள்ள மிட்வெஸ்டர்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம், ரேடியோகிராபர்கள் தங்கள் படிப்பைத் தொடர்ந்து இளங்கலைப் பட்டமாக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. நர்சிங் இன்னும் தெளிவான விலக்கு: ஈராண்டுப் பட்டத்தோடு பதிவு பெற்ற செவிலியர் பின்னர் இளங்கலை நர்சிங்கை முடிப்பது இம்மாநிலத்தில் நன்றாக நடந்து பழகிய பாதை. எனவே தொழிற்பட்டம் எங்குமே செல்லாது என்று நான் சொல்லவில்லை. அது செல்லும் இடங்கள் சில. அந்த இடம் எது என்பதைச் சேருவதற்கு முன்பே பெயரோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பட்டமான அசோசியேட் ஆஃப் சயின்ஸையும் நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், கல்லூரி மாறும் மாணவர்கள் தாம் ஈட்டிய கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தது. கம்யூனிட்டி கல்லூரியில் சேர்வோரில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் இளங்கலைப் பட்டம் வரை போக விரும்புவதாகச் சொல்கிறார்கள். ஆறாண்டுகளில் அதைப் பெறுகிறவர்கள் ஏறத்தாழப் பதினாறு பேர்தான். நான் பார்த்தவரை இதற்குச் சோம்பல் காரணமல்ல. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்று முடிவு செய்யாமல் ‘முதலில் பேசிக்ஸை முடிப்போம்’ என்று இரண்டு ஆண்டுகளைக் கடத்துவது பெரிய காரணம். கணிதத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். பொதுக் கணிதமான மேத் 1332 எடுத்தாலும் அடிப்படைப் பாடத்திட்டத்தின் கணிதத் தேவை தீர்ந்துவிடும். ஆனால் அறிவியல், பொறியியல் மேஜர்கள் கேட்கும் கால்குலஸுக்கு அது ஒரு படிகூட ஆகாது. சுலபமென்று அதை எடுத்தவர் பின்னர் இயற்கணிதப் பாடமான மேத் 1314-இலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதுபோலவே பயாலஜி 2401 உடல்நலத் துறைகளுக்கு உயிரானது. உயிரியல் மேஜருக்கோ பல பல்கலைக்கழகங்கள் பொது உயிரியல் பாடங்களான 1406, 1407 ஆகியவற்றைத்தான் கேட்கின்றன.

இப்போது தொழிற்பட்டத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்; நம்மவர்களிடையே அதைத் தாழ்த்திப் பார்க்கும் வழக்கம் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ரேடியோகிராபர்களுக்குச் சான்றளிக்கும் தேசியப் பதிவகம், 2015 முதல் தேர்வெழுத அசோசியேட் பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்திருக்கிறது. அதாவது இளங்கலைப் பட்டம் பெற்றவரும் அசோசியேட் பட்டம் பெற்றவரும் ஒரே தேர்வை எழுதி, ஒரே சான்றோடு, ஒரே எக்ஸ்ரே அறைக்குள் நுழைகிறார்கள். பின்னர் சி.டி., எம்.ஆர்.ஐ. என்று மேலும் சான்றுகள் பெறலாம். படிப்பு வகுப்பறையோடு முடிவதும் அல்ல: வாரத்தில் பல நாட்கள் மருத்துவமனையில், இடுப்பெலும்பு முறிந்த முதியவரை வலியில்லாமல் திருப்பிப் படுக்க வைப்பதிலிருந்து, அறுவைக் கூடத்தில் நகரும் எக்ஸ்ரே கருவியை மருத்துவர் சொன்ன கோணத்தில் நிறுத்துவது வரை கற்றுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களுக்கான இடம் இது என்று நினைப்பவர்கள், இத்திட்டங்களில் நுழைவதற்கு உள்ள போட்டியை ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

அந்தப் போட்டியினால்தான் ‘இரண்டாண்டு’ என்ற சொல்லை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்கிறேன். முன்தேவைப் பாடங்களை முடித்து, அவற்றின் மதிப்பெண்ணோடு தனியே விண்ணப்பித்து, இடம் கிடைத்த பிறகே ரேடியோகிராபித் திட்டம் தொடங்கும். முன்தேவைகளுக்கு ஓராண்டு, திட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டு என்று கொண்டால், எல்லாம் தடையின்றி நடந்தாலும் மூன்றாண்டு ஆகிவிடும். முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் நான்கு. உங்கள் மகளுக்கு இன்னும் மூன்றாண்டில் 21 வயது நிறைகிறது. எச்-4 நிலை அன்றோடு முடிகிறது.

இங்குதான் விசா உள்ளே வருகிறது. எச்-4-இல் இருக்கும் பிள்ளை படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஐ-140 ஒப்புதலான பின் எச்-4-இல் உள்ள மனைவிக்கு வேலை அனுமதி கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறதே, அது பிள்ளைகளுக்குக் கிடையாது; இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற பெற்றோர் இன்றும் உண்டு. ஆக மகள் மூன்றாண்டில் பட்டமும் சான்றும் பெற்று நின்றாலும், எந்த மருத்துவமனையிலும் சேர முடியாது. படிப்பை முடிப்பதற்கு முன்பே எஃப்-1 மாணவர் நிலைக்கு மாறியிருந்தால், பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி வேலையாகப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு இளங்கலையும் அதற்கு மேலும் உள்ள பட்டங்களுக்கு மட்டுமே உரியது. அசோசியேட் பட்டத்துக்குப் பொருந்தாது.

அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு எச்-1பி கிடைக்குமா? பொதுவாகக் கிடைக்காது. இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்ணப்பிப்பவரிடம் இளங்கலைப் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. அந்த வேலைக்கே இளங்கலைப் பட்டம் வழக்கமான குறைந்தபட்சத் தகுதியாக இருக்க வேண்டும் என்று எச்-1பி விதி எதிர்பார்க்கிறது. ரேடியோகிராபர் வேலைக்கு அசோசியேட் பட்டம் போதும் என்பது, கிரீன் கார்டு உள்ளவருக்குப் பெரிய வசதி. உங்கள் மகளுக்கு அதே வசதிதான் தடையாகிறது. அவள் பின்னர் ரேடியோகிராபியிலேயே இளங்கலை முடித்தாலும் இந்தச் சிக்கல் தீராமல் போகலாம்.

ஆகவே மகளோடு உட்கார்ந்து, அவளை ஈர்ப்பது எக்ஸ்ரே கருவியா, நோயாளியோடு இருப்பதா, அல்லது நோயைக் கண்டறியும் அறிவியலா என்று பொறுமையாகப் பேசிப் பாருங்கள். கண்டறிதல்தான் என்றால், மருத்துவ ஆய்வகத் துறையில் இதே ஏணி இரண்டு படிகளாக அமைந்திருக்கிறது: அசோசியேட் பட்டத்தோடு மெடிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன், இளங்கலைப் பட்டத்தோடு மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட். இரண்டாவது வேலைக்கு இளங்கலை வழக்கமான தகுதி என்பதால், விசாக் கணக்கில் அதன் நிலை வலுவானது. கருவிதான் என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இயற்பியல் வழியாக மருத்துவ இயற்பியல் ஆகியவை உண்டு. பின்னது முதுகலை வரை நீளும். நோயாளிதான் என்றால் அது வேறு உரையாடல். அப்போது வழக்கறிஞரையும் உடன் வைத்துக்கொண்டு நர்சிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் ஆண்டை இப்படி அமைக்கலாம் என்பது என் யோசனை. முதல் பருவத்தில் இங்கிலீஷ் 1301, மேத் 1314, கெமிஸ்ட்ரி 1411, ஹிஸ்டரி 1301. இரண்டாம் பருவத்தில் பயாலஜி 2401, சைக்காலஜி 2301, கவர்ன்மென்ட் 2305, இங்கிலீஷ் 1302. இவற்றில் வேதியியலைத் தவிர ஏனையவை ரேடியோகிராபி முன்தேவைகளாகவோ பொதுக்கல்விப் பாடங்களாகவோ பெரும்பாலும் பயன்படும். வேதியியல் உட்பட அனைத்தும் அசோசியேட் ஆஃப் சயின்ஸில் கணக்கில் வரும். கோடையில் பயாலஜி 2402 எடுத்தால், அடுத்த ஆண்டு ரேடியோகிராபிக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் ஏறத்தாழக் கையில் இருக்கும். ஆனால் உடற்கூறுப் பாடங்களை ஐந்தாண்டு போன்ற காலவரம்புக்குள் முடித்திருக்க வேண்டும் என்று பல உடல்நலத் திட்டங்கள் கேட்பதால், அவற்றை முடித்துவிட்டு நெடுங்காலம் காத்திருப்பது பயனில்லை. டெக்சாஸ் சட்டப்படி 30 கிரெடிட்டை எட்டும் கட்டத்தில் மாணவர் தம் டிகிரி பிளானைப் பதிவு செய்ய வேண்டும். நம் முடிவுக்கான காலக்கெடுவாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘சேர்ந்து பார்ப்போம், சரிவராவிட்டால் டிராப் செய்துகொள்ளலாம்’ என்ற மனநிலை வேண்டாம். டெக்சாஸின் பொதுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளங்கலை முடியும்வரை ஒருவர் விலகிக்கொள்ளக்கூடிய பாடங்கள் மொத்தம் ஆறுதான். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், கல்லூரி மாறினாலும் அந்தக் கணக்கு கூடவே வரும்.

உங்கள் மனைவிக்கோ உறவினருக்கோ ‘கம்யூனிட்டி கல்லூரி’ என்ற பெயர் உறுத்தலாக இருந்தால், ஒன்றைச் சொல்லுங்கள்: மாற்றம் பெற்றுப் போகும் மாணவர் பெறும் இளங்கலைச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். செலவு மிச்சமாகும் முதல் இரண்டாண்டுகள் அதில் தெரியப் போவதில்லை. எச்-4 மாணவர்களுக்குக் கூட்டரசின் கல்வி உதவித்தொகை கிடையாது என்பதால் அந்த மிச்சம் உங்களுக்குக் கூடுதல் முக்கியம். ஆனால் 21 வயதில் எஃப்-1-க்கு மாறும்போது கட்டண வகைப்பாடு மாறக்கூடும். மாறினால் எவ்வளவு என்பதை, மகள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, ஆகஸ்ட் பதிவுக்கு முன் இரண்டு மின்னஞ்சல்களை மகளே எழுதட்டும். ஒன்று பல்கலைக்கழகத்தின் மாற்றச் சேர்க்கை அலுவலகத்துக்கு: தான் கருதும் மேஜரின் பெயரைக் குறிப்பிட்டு, மேலே சொன்ன பாடங்களில் எவை அந்தப் பட்டத்தின் தேவைகளில் கழியும் என்று கேட்டு. மற்றது கல்லூரியின் ரேடியோகிராபித் துறைக்கு: சென்ற ஆண்டு எத்தனை இடங்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், பயிற்சி மருத்துவமனைகள் எச்-4 மாணவர்களை ஏற்கின்றனவா என்று கேட்டு. பதில்களைப் படித்தபின் அவளுடைய விருப்பம் மாறினாலும் மாறாவிட்டாலும், அது அவளே விசாரித்துத் தெரிந்துகொண்ட விருப்பமாக இருக்கும்.

குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும்: உங்கள் முன்னுரிமைத் தேதியை (வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியை) வைத்துப் பார்த்தால், மகளுக்கு 21 வயது நிறைவதற்குள் கிரீன் கார்டுக்கான இறுதி மனுவான ஐ-485 தாக்கல் செய்ய வாய்ப்பு உண்டா? இந்தியர்களுக்கான வரிசையின் நீளத்தைப் பார்க்கும்போது நான் அதை நம்பித் திட்டமிட மாட்டேன். ஆனால் அந்த மனுவைத் தாக்கல் செய்யும் நிலை வந்துவிட்டால் மகளும் தன் பெயரில் வேலை அனுமதி கோரலாம். அப்போது ரேடியோகிராபியைப் பற்றி நான் மேலே எழுப்பிய தடைகளில் பெரியது விலகிவிடும். அன்றைக்கும் அவளுக்கு அந்த எக்ஸ்ரே அறைதான் வேண்டும் என்றிருந்தால், டிகிரி பிளானை மாற்றிக்கொண்டு தயங்காமல் போகட்டும்.